துண்டு போட்ட நாற்காலி

குளித்துவிட்டு உடம்பைத் துடைத்துக்கொள்ள ஒரு சங்கீத அரங்கத்தையே கையில் கொடுத்தால் மனிதர்கள் என்னதான் செய்வார்கள் என்று புனிதவதிக்குத் தோன்றியது. வாசலில்தான் கொடுத்தார்கள், பளபளக்கும் உறைக்குள் மடித்து வைத்த பெரிய டர்க்கி டவல். கரூரில் டவல் ஏற்றுமதி செய்கிற ஒருவர், அரங்கச் செயலாளருக்கு மாப்பிள்ளை முறை என்று பேச்சு, கலாவதி அரங்கத்தின் புகைப்படத்தை அப்படியே துணியில் அச்சடித்து, கடைசிக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று என்று அனுப்பியிருந்தார். உறையைப் பிரித்து விரித்தபோது சிவப்புச் செங்கல் சுவர், வெள்ளை வளைவுகள், உச்சியில் வீணையோடு சுதைச் சரஸ்வதி, வாசற்படிகள் எல்லாம் புசுபுசுவென்று கைக்குள் வந்தன. ஒரு பக்கமாகத் தடவினால் படிகள் கறுத்தன, எதிர்ப்பக்கம் தடவினால் வெளுத்தன. படத்தில் ஒரு ஆள் இல்லை. புரசைவாக்கத்தில் அந்தப் படிகள் ஆளில்லாமல் என்றைக்கு இருந்தன. விடியுமுன்னே வந்து நின்று, பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் கடந்து போகட்டும் என்று காத்திருந்து எடுத்திருப்பார்கள். இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்து இதை நிரப்பியவர்கள் படத்துக்கு இடைஞ்சல். பின்வரிசையில் ஒருவர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் குளிச்சிட்டு நான் கலாவதியை இடுப்புல கட்டிக்கிட்டு வந்தா எங்க வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார். "உங்களையே கட்டிக்கிட்டவங்க, இதைப் போயி நினைக்கப் போறாங்களா," என்றது இன்னொரு குரல். அதற்கும் அப்பால் ஒரு பெண் கவலையோடு, "தலைமாட்டுல சரஸ்வதி இருக்காளே, எதைத் துடைக்கிறது, எதைத் துடைக்காம விடறது?" என்று யாரையோ கேட்டாள். எல்லாம் காதில் விழுந்தது. புனிதவதி எதையும் துடைக்கப் போவதில்லை. ஐந்தாவது வரிசையில் தன் இடத்துக்குப் பக்கத்து இருக்கையின் முதுகில் அந்தத் துண்டைப் போட்டாள், சரஸ்வதி தலைகீழாகத் தொங்காதபடி ஒருமுறை சரிசெய்தாள், பிறகு உட்கார்ந்தாள். முன்பெல்லாம் கைக்குட்டைதான். கைக்குட்டையைப் பார்த்தும் பார்க்காததுபோல் உட்கார்ந்துவிடுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. இவ்வளவு பெரிய துண்டைப் பார்க்காததுபோல் நடிக்க யாராலும் முடியாது. தையல்நாயகி அக்கா வாசலில் நுழையும்போதே கண்ணில் படும். சிரிப்பாள். என்னம்மா புனிதம், எனக்குக் கட்டடத்தையே போட்டு வச்சிருக்கே என்பாள்.

வருவாள். வராமல் எங்கே போவாள். இன்றைக்குத்தான் கடைசி என்று பேப்பரில்கூடப் போட்டுவிட்டார்கள், கட்டடம் இனித் தாங்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், இந்த மாதக் கடைசியில் மரச்சாமான்களை எடுக்கப் போகிறார்களாம். இதைப் படித்திருப்பாள். இல்லாவிட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள். யார் சொல்லியிருப்பார்கள்? அக்காவைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று இவளுக்கு என்ன தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் தோளும் தோளும் உரசப் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து காலமானவர். ஒரு பையன். அயனாவரம் பக்கம் போகிற பஸ். ஏலக்காய் போட்ட கற்கண்டு. முகாரி பாடினால் மூக்கை உறிஞ்சுவாள், காம்போதி பாடினால் காலை ஆட்டுவாள். அவ்வளவுதான். வீடு எந்தத் தெரு, போன் நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. கச்சேரி முடிந்ததும் படியிறங்கி, பூக்கடை வரைக்கும் சேர்ந்து நடந்து, அடுத்தது வெள்ளிக்கிழமை வயலினாமே, வந்துடுவே இல்லே என்று ஒரு வார்த்தை. வந்துடுவேன்க்கா. அது போதும் என்று இருந்தது. இந்தக் கட்டடம் இங்கேயே நிற்கும்போது விலாசம் எதற்கு. கட்டடமே விலாசம்தானே. அதை ஒருநாள் பெயர்த்து எடுத்துவிடுவார்கள் என்று யார் கண்டது. மழைக்கு முன்னால் நடந்த கச்சேரிக்கு அக்கா வரவில்லை. பிறகு வந்ததற்கும் இல்லை. அதற்கும் முந்தைய தடவை, பையன் ஓசூர்ப் பக்கம் வீடு பார்க்கிறான் என்றாளே. ஓசூருக்கா என்று கேட்பதற்குள் மிருதங்கம் ஆரம்பித்துவிட்டது. மிருதங்கத்துக்கு நடுவில் பேசுவது இருவருக்குமே பிடிக்காது. இருமல் இருந்தது அவளுக்கு. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே இருமினாள். அந்த இருமலைப் பற்றியாவது கேட்டிருக்கலாம்.

தொண்டர்கள் வந்துவிட்டார்கள். மார்பில் சின்ன ரிப்பன் குத்திய இரண்டு பேர், கை நிறைய துண்டுகள். வாசலில் கூட்டம் நெரிகிறது, கொடுத்து மாளவில்லை, அதனால் மிச்சமிருப்பதை நாற்காலிக்கு ஒன்றாகப் போட்டுவிடச் சொல்லிவிட்டாராம் செயலாளர். போட்டுக்கொண்டே வந்தார்கள். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, ஆளில்லாத ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் ஒரு செங்கல் கட்டடம், ஒரு சரஸ்வதி. புனிதவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் அழகாகத்தான் இருந்தது. கலாவதிக்குள்ளே இத்தனை குட்டிக் கலாவதிகள். பிறகுதான் உறைத்தது. தன்னுடைய துண்டு இனித் துண்டு இல்லை. யாரோ வருகிறார்கள் என்று அது இதுவரை சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது எல்லா நாற்காலியும் ஒரே குரலில் அதையே சொல்கிறது, அப்படியானால் எதுவும் சொல்லவில்லை. இவள் நினைத்தது ஒரு பக்கம் இருக்க, இவளைப்போல் முன்னாலேயே வந்து துண்டு போட்டிருந்தவர்கள் அங்கங்கே எழுந்துவிட்டார்கள். "சார், அது நான் போட்டது. என் மச்சினருக்கு." "உங்க மச்சினர் பேரு போட்டிருக்கா அதுல? எனக்குக் கொடுத்த கிஃப்டு சார் இது." "கிஃப்டை எடுத்துக்குங்க, சீட்டை விடுங்க." "சீட்டு மேலதானே கிஃப்டு இருக்கு." பால்கனியில் இரண்டு பேர் ஒரே துண்டின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சரஸ்வதி நடுவில் இழுபட்டாள். கடைசியில் மைக்கில் அறிவித்தார்கள். தயவுசெய்து யாரும் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டாம், துண்டு இருக்கிற இடமெல்லாம் காலி இடம்தான், எடுத்துக்கொண்டு உட்காரலாம். அரங்கம் முழுக்கச் சிரித்தது. புனிதவதி சிரிக்கவில்லை. துண்டின் ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருந்தால் அது தன்னுடையது என்று தெரியும். பஸ்ஸில் குழந்தையின் சட்டையைப் பிடித்துக்கொள்வதுபோல.

"யாராவது வர்றாங்களா?" கட்டம்போட்ட சட்டை, கையில் குடை. "வர்றாங்க," என்றாள். "எப்போ?" "கை கழுவப் போயிருக்காங்க." இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. அவர் போய்விட்டார். ஆனால் பொய் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கை கழுவப் போனவள் இந்நேரம் திரும்பியிருக்க வேண்டும். குழாய் மெதுவாக வரும் இங்கே, சரி, அதுவும் ஆயிற்று. புடவையைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடி பார்த்து, இதோ திரும்பி வருகிறாள், பக்கவாட்டுக் கதவு, தூண், அந்தத் தூணைத் தாண்டினால் தலை தெரியும். தலை தெரியவில்லை. உண்மையிலேயே அவள் உள்ளே வந்து, கை கழுவப் போயிருப்பதாக ஒரு நிமிஷம் இவளே நம்பினாள். அந்த ஒரு நிமிஷம் எத்தனை நிம்மதியாக இருந்தது. திரை உயர்ந்தது. வித்வான் தம்புராவைப் பார்த்துத் தலையசைத்தார். வர்ணம் ஆரம்பித்ததும் கதவை மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து ஒரு துண்டு வெளிச்சம் விழுந்து, ஒரு உருவம் நுழைந்து, வேறு யாரோவாக மாறியது. சுவரோரம் நிற்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நிற்கிறவர்கள் காலி இருக்கையைப் பார்க்கிற பார்வை முதுகில் ஊர்ந்தது. பின்னாலிருந்து ஒருவர் குனிந்து, மரியாதையாகத்தான், "அம்மா, உங்க ஆளு அடுத்த வருஷக் கச்சேரிக்கா வர்றாங்க?" என்றார். அவரோடு வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "வந்துடுவாங்க, சார்," என்றாள் திரும்பாமல். அடுத்த வருஷக் கச்சேரி. எங்கே.

கைப்பிடி அசையவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. இந்த இருக்கைகள் தேக்குமரம், வரிசையாகப் பிணைத்தவை, இரண்டு பேருக்கு நடுவில் ஒரே கைப்பிடி. அக்கா அதில் விரலால் தாளம் போடுவாள். சத்தம் வராது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மரத்துக்குள் ஒரு துடிப்பு இறங்கி இவள் முழங்கைக்கு வரும். வருஷக்கணக்காக இவள் சங்கீதத்தைப் பாதி காதாலும் பாதி முழங்கையாலும் கேட்டிருக்கிறாள். பாடகர் தாளம் தப்பினால் விரல் நின்றுவிடும். நின்ற விரலை இவள் பார்ப்பாள், அவள் இவளைப் பார்ப்பாள், இருவரும் மேடையைப் பார்ப்பார்கள். பேச்சே வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுக்கிற வேலையில் ஆயுசு முழுக்கப் பேசிப் பேசி ஓய்ந்தவளுக்கு அந்தப் பேச்சில்லாமைதான் எத்தனை குளுமை. எல்லோரும் நம்பர் சொன்னார்கள் அவளிடம். மதுரை, தூத்துக்குடி, பம்பாய். ஊரெல்லாம் நம்பரைக் கேட்டு வாங்கி ஒருவரோடு ஒருவரைச் சேர்த்து வைத்தவள், பக்கத்துச் சீட்டுக்காரியிடம் ஒரு நம்பர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கூச்சம் என்று இத்தனை நாள் பெயர் வைத்திருந்தாள். கூச்சம் இல்லை அது. பயம். மணி அடித்து நிற்பதற்கும் அந்தப் பக்கத்தில் ஹலோ என்பதற்கும் நடுவில் ஒரு சின்ன மௌனம் உண்டு, அதைக் கேட்டே சொல்லிவிடுவாள், இந்த வீட்டில் இந்த ஆளின் அழைப்பை விரும்புகிறார்களா இல்லையா என்று. ஆயிரம் வீடுகளின் மௌனத்தைக் கேட்டவள். அக்கா, உங்க நம்பர் குடுங்க என்று கேட்டு, அந்த முகத்தில் அப்படி ஒரு கணம் தயங்கிவிட்டால்? இவளுக்கு எதற்கு நம்பர் என்று ஒரு இமை தாழ்ந்துவிட்டால்? அதற்குப் பிறகு எப்படிப் பக்கத்தில் உட்காருவது. அப்பா போன பிறகு வீட்டில் இவள் ஒருத்தி. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்க ஆள் இல்லாமல் தானே சுவைத்துத் தானே போதும் என்று சொல்லிக்கொள்கிறவள். இப்படிப்பட்டவள் ஒருமுறை போன் செய்தால் தினமும் செய்வாள் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடாதா. அதனால் கேட்கவில்லை. சங்கீதத்துக்காக வருகிறவள்போல் வந்துகொண்டிருந்தாள். சங்கீதத்துக்காகத்தான் வந்தாள். இல்லை, எதற்கு இனி மறைப்பது.

செத்துப்போயிருந்தால். இந்த நினைப்பு கிளம்பினால் நிற்காது, வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். மேடைக்கு மேலே வளைவில் மரத்தில் செதுக்கிய அன்னம், அதன் கழுத்து உடைந்திருக்கிறது, எப்போது உடைந்தது. செத்துப்போயிருந்தால் யார் எனக்குச் சொல்வார்கள். பையனுக்கு என்னைத் தெரியாது. கருமாதிக்கு அச்சடிக்கிற கார்டு எந்த விலாசத்துக்கு வரும். ஓசூருக்குப் போயிருந்தால் உயிரோடு இருப்பாள், ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றுதான், இல்லை இல்லை, ஒன்றில்லை, எங்கேயோ இருக்கட்டும், யார் வீட்டுச் சன்னல் பக்கமோ உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டு இருக்கட்டும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அயனாவரத்திலேயே இருக்கிறாள், இருமல் சரியாகிவிட்டது, பேப்பரும் பார்த்தாள், அட, இன்னிக்குக் கடைசியாமே என்றாள், வெயிலாக இருக்கிறது என்று படுத்துவிட்டாள். புனிதமா, பாவம், வந்து காத்திருப்பாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். மூன்றில் இதுதான் கொடியது என்று நினைத்தவுடன் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒருத்தி சாவதைவிட அவள் தன்னை மறப்பது கொடியதா. அப்படித்தான் தோன்றுகிறதே, என்ன செய்வது. வித்வான் சகானா எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டாள். சகானாவுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க அவளால் முடிந்ததில்லை. அது கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறக்கிவிடுகிற ராகம். ஒரு படி, நின்று, இன்னொரு படி. எங்கோ ஈரத் துணியின் வாசனை. எக்ஸ்சேஞ்சின் மின்விசிறி. அப்பாவின் கால் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும். துண்டைப் பிடித்திருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்று தெரியவில்லை. மர இருக்கை கீழே சாய்கிற அந்தப் பழைய முனகல் பக்கத்தில் கேட்டது. பாரம் ஒன்று உட்கார்ந்தது. கைப்பிடி ஒருமுறை அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமலே புனிதவதி சிரித்தாள். உடம்பெல்லாம் தளர்ந்தது. வந்துட்டீங்களா என்று சொல்ல வாயெடுத்துக் கண்ணைத் திறந்தாள்.

ஐம்பது வயதுப் பெண். முழங்காலில் உறை மாட்டி, அதை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். துண்டை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பையும் இழுத்துவிட்டிருந்தாள். "நல்லவேளைங்க," என்றாள் ரகசியக் குரலில். "வாசல்ல தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. இங்க ஒண்ணு எடுக்காம இருந்துச்சு. என் நாத்தனார் கேட்டா. ரொம்ப நேரமா நிக்கிறேன், இந்தக் கால் ஒத்துழைக்கல." பிறகு, புனிதவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதி எழுந்தபடி, "ஐயோ, யாராவது வர்றாங்களா?" என்றாள். "இல்லை," என்றாள் புனிதவதி. அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் காதில் கேட்டது. "உட்காருங்க. யாரும் வரலை." அந்தப் பெண் நன்றாக உட்கார்ந்துகொண்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். கட்டம்போட்ட சட்டைக்காரரிடம் வருகிறாள் என்று பொய் சொன்னபோது அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னவுடன் எங்குமே இல்லாமல் போய்விட்டாள். யாரும் வரலை. யாரும் வரலை. சகானா முடிந்து பாட்டு வந்தது, பாட்டு முடிந்து தனி ஆவர்த்தனம் வந்தது, மிருதங்கம் அந்த மூன்று வார்த்தையையே எடுத்துக்கொண்டு உருட்டியது. மூன்று இல்லை, இரண்டு. யாரும், வரலை. இவளே எண்ணுகிற நிலைக்கு வந்துவிட்டாள். பக்கத்துப் பெண் கைப்பிடியில் முழங்கையை வைத்திருந்தாள். நல்ல பெண்தான். முழங்கை அசையவே இல்லை. தாளம் அவளுக்குள் ஓடவில்லை என்பதல்ல. அவளுடைய தாளம் எங்கோ காலில் ஓடியது, வலியில்லாத காலில், செருப்பு நுனியில். அதைப் பார்க்க முடிந்தது, தொட முடியவில்லை. நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். அது என் துண்டு, இது அவள் இடம் என்று. எல்லாத் துண்டும் ஒன்றுபோல இருக்கிற இடத்தில் எதைக் காட்டிக் கத்துவது. கத்தியிருந்தால்தான் என்ன, காலி நாற்காலியைக் காப்பாற்றியிருப்பேன். காலி நாற்காலி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுமா.

மங்களம் பாடினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். வித்வான் மேடையின் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அதைப் பார்த்து நிறைய பேர் அழுதார்கள். பக்கத்துப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உங்களுக்குத் துண்டு கிடைச்சுதா?" என்று கேட்டாள். "கிடைச்சுது," என்றாள் புனிதவதி. கூட்டம் இரண்டு பக்கமும் கரைந்து ஓடியது. நடைபாதையின் நடுவில் அவள் நின்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், நரைத்த கொண்டைகளை எல்லாம் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு கொண்டை அப்படியே அக்காதான், தோளைத் தொட்டுவிட்டாள், திரும்பிய முகம் யாருடையதோ. "மன்னிச்சுக்குங்க." "பரவாயில்லம்மா." பால்கனிக்குப் போயிருப்பாளோ. கூட்டத்தில் உள்ளே வர முடியாமல் வெளியிலேயே, ஸ்பீக்கர் அடியில், நின்று கேட்டிருப்பாளோ. துண்டு எல்லா நாற்காலியிலும் கிடந்ததைப் பார்த்துத் தனக்கு எது என்று தெரியாமல் எங்கோ ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாளோ. இது புதிய நினைப்பு. இதுவரை தோன்றவில்லையே, ஏன். வந்திருக்கலாம். வந்து, தேடி, என் பக்கத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சரி என்று. கால்கள் தாமாகவே கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தன. மேடைப் படிக்கு அருகில் மைக்செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு, அதே துண்டு, சரஸ்வதி பிடரியில்.

"என்னம்மா, டவல் வரலையா? தீர்ந்துபோச்சும்மா, என்கிட்ட இருக்கிறது வேர்வை டவலு."

"டவல் வேண்டாம். ஒருத்தரைக் கூப்பிடணும். மைக்ல."

"குழந்தையா?"

"இல்லைங்க. என்னைவிடப் பெரியவங்க."

"பேர் சொல்லுங்க."

"தையல்நாயகி."

"எந்த ஊரு?"

"அயனாவரம் பக்கம்னு நினைக்கிறேன்." உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி என்று பட்டது. "அவங்க இன்னிக்கு வந்தாங்களான்னே எனக்குத் தெரியாது."

அவர் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். "யார் தேடுறாங்கன்னு சொல்லட்டும்?" என்றார்.

"புனிதவதின்னு சொல்லுங்க. புனிதம்னு சொன்னாத்தான் தெரியும்."

மைக்கை இரண்டு முறை தட்டினார். அந்தச் சத்தம் பால்கனியில் மோதித் திரும்பியது. தையல்நாயகி அம்மா, அயனாவரத்துலேருந்து வந்திருக்கிற தையல்நாயகி அம்மா, உங்களை மேடைப் பக்கத்துல புனிதம் அம்மா தேடுறாங்க, எங்கிருந்தாலும் வரவும். எத்தனை பேர் நின்று பாடிய மைக் அது. இரண்டு கிழவிகளின் பெயர் அதில் ஏறி, காலி வரிசைகளுக்கு மேலே போய், செதுக்கிய வளைவைத் தொட்டு, உடைந்த அன்னத்தைத் தொட்டு, மெதுவாகக் கீழே இறங்கியது. தன் பெயர் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வாசல் பக்கம் இரண்டொருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். காது கூசவில்லை, முகம் சுடவில்லை. ஒரு கையால் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

"இருங்கம்மா," என்றார் அவர். "தெரு ஸ்பீக்கரைக் கழட்டிட்டேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்கணும்ல, மாட்டிட்டு வர்றேன்." சுற்றி வைத்த ஒயரைத் தரையில் போட்டு, முடிச்சு முடிச்சாகப் பிரிக்க ஆரம்பித்தார்.